மாசி, பங்குனியில் புதுக்கோட்டைக் கிராமங்கள்: எதை எந்த வேளையில் பார்ப்பது?

கண்மாய்க்கரை

எல்லோருக்கும் வணக்கம். மாசிக் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் கிளம்புகிறேன். திருச்சியிலிருந்து தொடங்கி, கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம். மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மூட்டுவலி, செங்குத்தாக ஏற முடியாது. ஆனால் கல்வெட்டைக் கண்டால் நகரமாட்டார், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். அம்மாவுக்கு ஓரிடத்தில் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய ஊர்க் கோயில்களில் கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து இருவருக்கும் அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வரிசையில் போகலாம்? எங்கே தங்கலாம்? இவர்களால் எதைப் பார்க்க முடியும், எதை விட்டுவிடலாம்?

இருசக்கரம்

மூன்று நாள் தேவையில்லை நண்பரே. திருச்சியில் காலை 5 மணிக்குக் கிளம்பினால் கொடும்பாளூர், சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் எல்லாம் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திருச்சி திரும்பலாம். மொத்தச் சுற்றே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். நாங்கள் நண்பர்கள் பைக்கில் அப்படித்தான் போவோம். மீதி இரண்டு நாளில் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கலாமே?

பாறைநிழல்

இருசக்கரம் சொல்லும் தூரக் கணக்கு சரி. ஆனால் இந்தப் பக்கம் திட்டம் போடும்போது கிலோமீட்டரைப் பார்த்துப் பயனில்லை. நான் அன்னவாசல் பக்கத்துக்காரன், சிறு வயதிலிருந்து இந்தக் குன்றுகளில் ஏறி இறங்குகிறவன். இங்கே இரண்டு விஷயம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். ஒன்று பாறைச் சூடு, இன்னொன்று கோயில் நடை சாத்தும் நேரம்.

மாசியில் விடியற்காலை நன்றாகவே குளிர்கிறது. ஆனால் 10 மணிக்கு மேல் மொட்டைப் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். மாலை 4 மணி வரை அந்தச் சூடு இறங்காது. நார்த்தாமலை மேலமலையில் பெரும்பகுதி வெறும் பாறைச் சரிவு, ஒதுங்க மரம் கிடையாது. சித்தன்னவாசல் குன்றின் உயரத்தில் உள்ள ஏழடிப்பட்டம் குகையும் அப்படித்தான். பன்னிரண்டு மணி வெயிலில் அங்கே போனால் கண்ணைக்கூடத் திறக்க முடியாது, எதைப் பார்ப்பது?

வழிபாட்டில் உள்ள கோயில்களை மதியம் 12 வாக்கில் சாத்திவிட்டு 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். குடுமியான்மலை, திருமயம் பெருமாள் கோயில், சிவன் கோயில் எல்லாம் இதில் சேரும். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் நடுப்பகல் அடைப்பு இல்லை. கொடும்பாளூர் மூவர் கோயில் அந்த வகை, சமதரை, சுற்றிலும் புல்வெளி.

ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டு நிழலில் சாய்ந்து எழுங்கள். இதை நேரம் வீணாவதாக நினைக்க வேண்டாம். வெயிலில் சுற்றிக் களைத்தவர் மாலையில் காரைவிட்டு இறங்கவே யோசிப்பார், பெரியவர்கள் வருவதால் இதைச் சொல்கிறேன்.

தங்குவதற்குப் புதுக்கோட்டை டவுன்தான் வசதி. இந்த இடங்கள் எல்லாம் அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம்.

கிரந்தம்

அப்பா கல்வெட்டுப் படிப்பவர் என்றதும் எழுதத் தோன்றியது. அவரைக் கொடும்பாளூரில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மூவர் கோயிலைக் கட்டியவர் பூதி விக்கிரமகேசரி, இருக்குவேளிர் குலத்துத் தலைவர். தன் பெயரிலும் தன் இரு தேவியர் பெயரிலும் மூன்று விமானம் எழுப்பியதாக, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. இப்போது நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. அந்தக் கல்வெட்டில் அவருடைய முன்னோர் வரிசையே வருகிறது. அதில் ஒருவருக்கு வாதாபியை வென்றவர் என்ற பட்டம். மல்லிகார்ஜுனர் என்ற காளாமுக (சைவத்தில் ஒரு பிரிவு) துறவிக்கு மடம் கட்டிக் கொடுத்ததும், 50 துறவிகளுக்கு உணவிட 11 ஊர்களை அளித்ததும் அதிலேயே உள்ளது. இன்று பார்த்தால் புல்லும் அமைதியும்தான். அந்தக் காலத்தில் அடுப்பு அணையாத மடம் இருந்த இடம் அது.

காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, 9-ஆம் நூற்றாண்டு என்பாரும் 10-ஆம் நூற்றாண்டு என்பாரும் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிற்பங்கள் பிடிக்கும். வீணையேந்திய சிவன், மாதொருபாகன், எல்லாமே கண் மட்டத்துக்கு அருகில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில், கொடும்பை என்ற ஊரின் பெரிய குளக்கரைக்கு அப்பால் பாதை மூன்றாகப் பிரிவதாக ஒரு மறையவன் சொல்வான். இன்றும் கொடும்பாளூர் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில், மணப்பாறை–புதுக்கோட்டைச் சாலை குறுக்கே வெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஊர் அங்கே அமைந்ததற்கான காரணம் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் மாறவில்லை. நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிகளில் நூற்றில் ஒன்றுகூட உள்ளே திரும்புவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கண்மாய்க்கரை

பாறைநிழல் அண்ணா, கிரந்தம் ஐயா, மிக்க நன்றி. இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், இப்போதே கிளம்பத் தயாராகிவிட்டார்.

அப்படியானால் முதல் நாள் கொடும்பாளூர். அங்கிருந்து இலுப்பூர் வழியாக வந்தால் குடுமியான்மலையை மாலையில் பார்க்க முடியுமா? இசைக் கல்வெட்டுக்கு அருகில் போக ஏற வேண்டுமா?

பாறைநிழல்

நன்றாகவே முடியும். விராலிமலையைத் தாண்டித்தான் கொடும்பாளூர் வருவீர்கள். காலையில் 7 மணிக்கு முன் விராலிமலை அடிவாரத்தைக் கடந்தால் மயில்களைப் பார்க்கலாம். மலைமேல் முருகன் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம்.

கொடும்பாளூர் முடித்து, இலுப்பூரில் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, 4 மணிக்கு மேல் குடுமியான்மலை. சிகாநாதர் கோயில் அடிவாரத்திலேயே உள்ளது. குகைக் கோயிலும் கல்வெட்டுப் பாறையும் அதை ஒட்டியே. கோயில் திறந்திருக்கும் நேரத்தில் போனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மூங்கில் குச்சியோ சாக்கட்டியோ கொண்டு எழுத்தைத் தடவிக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கல் தேயும்.

தேனருவி

குடுமியான்மலை பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். வீணை கற்றவள் என்பதால் அந்தப் பாறைக்கு முன் நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில், 7-ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், ஏழு பண்களுக்கான சுரக் கோவைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மத்தியமகிராமம், சட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம். ருத்ராசாரியார் என்பவரின் மாணவரான, சிவபக்தியுள்ள ஓர் அரசர், கற்பவர்களின் நன்மைக்காக இதைச் செய்தார் என்று முடிவில் வருகிறது. கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". மாணவர்களுக்காக மலையிலேயே பாடம் எழுதிவைத்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அரசர்கள் வெட்டியவற்றில் பெரும்பாலானவை தானமும் வெற்றியும்தான். இது பயிற்சிப் பாடம்.

அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கல்வெட்டில் அரசர் பெயர் இல்லை. பல்லவர் ஆட்சி இவ்வளவு தெற்கே வந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. பெயர் தெரியாமலே ரசிக்கலாம்.

அம்மாவுக்கு: கோயில் மண்டபத் தூண்களைத் தவறவிடாதீர்கள். நரசிம்மர், ரதி, மன்மதன், குதிரை வீரர்கள் என்று நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு நிற்கும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது முகங்கள் தெளிவாகத் தெரியும். நிமிர்ந்தால் மலையுச்சிப் பாறையில் வரிசையாக நாயன்மார் உருவங்கள். கீழிருந்தே தெரியும், ஏற வேண்டாம்.

இருசக்கரம்

பெரியவர்களோடு போகும்போது இரண்டு இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுவாக எல்லோருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். வாரம் ஆறு நாள் வேலை, கையில் ஒரே ஒரு ஞாயிறு இருக்கிற பையன்கள் என்ன செய்வார்கள்? மூன்று நாள் கிடைக்கும்வரை காத்திருந்தால் வாழ்நாளில் ஒருமுறையும் போகமாட்டார்கள். ஒரே நாளில் நான்கு இடம் ஓடிப் பார்த்ததால்தான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போனேன்.

பாறைநிழல்

நியாயமான பேச்சு. ஒரு ஞாயிறுதான் என்றால் விடியற்காலையில் நார்த்தாமலை, மாலையில் சித்தன்னவாசல் என்று இரண்டோடு நிறுத்தச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் 15 கிலோமீட்டர் அளவுதான். அதே ஞாயிறு, அதே பெட்ரோல், ஆனால் நினைவில் நிற்கும்.

இலுப்பைப்பூ

நார்த்தாமலைக்கு என் ஓட்டும் விடியற்காலைக்கே. மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில். அதற்கு எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள் கிழக்குப் பார்த்தவை. காலையில் குகைகளுக்குள் வெளிச்சம் நேராகப் போகும். அதில் பெரிய குகையில் ஒரே மாதிரியான பன்னிரண்டு திருமால் உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. அந்த முகங்களில் வெயில் படும் நேரம் காலைதான். கோயில் முகப்பைப் படம் எடுக்க வேண்டுமென்றால் மாலை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நான் எப்போதும் குகைகளையே தேர்ந்தெடுப்பேன்.

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா வரும். பூச்சொரிதல், தேர் நாட்களில் சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் அங்கேதான், சாலையில் கார் நகராது. திருவிழாவைப் பார்க்கப் போவது அருமையான அனுபவம். ஆனால் மலைக் கோயிலை அமைதியாகப் பார்க்க அந்த நாட்கள் ஆகாது. கண்மாய்க்கரை, தேதி குறிக்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செம்மண்

விஜயாலய சோழீச்சரம் சோழர்களின் முதல் கற்கோயில். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்த வெற்றிக்காகக் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

கிரந்தம்

செம்மண் அவர்களே, உங்கள் ஆர்வத்தோடு உடன்படுகிறேன், கட்டியவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அங்கே உள்ள கல்வெட்டுப்படி, முதலில் கட்டியவர் இளங்கோவதியரையர் என்ற முத்தரையர் தலைவர். மழையால் இடிந்ததை மல்லன் விதுமன் என்பவர் பிறகு புதுப்பித்திருக்கிறார். கோயிலுக்குச் சோழன் பெயர் இருப்பதால் சோழன் கட்டியது என்று நிலைத்துவிட்டது. எதிரே உள்ள சிறிய குகையான பழியிலி ஈச்சரமும் முத்தரையர் குடும்பத்தாரின் பணிதான், பல்லவன் நிருபதுங்கன் காலத்தது.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் நாம் பார்க்கும் அழகான பல கோயில்கள் பேரரசர்கள் கட்டியவை அல்ல. முத்தரையர், இருக்குவேளிர், வணிக நகரத்தார், ஊர்ச் சபைகள், சமணத் துறவிகள் என்று இந்த மண்ணோடு இருந்தவர்கள் செய்தவை. அந்தப் பெயர்களுக்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும்.

அப்பாவுக்கு மேலமலை ஏறமுடியாவிட்டால், அதே ஊரில் கடம்பர்மலை அடிவாரத்தில் சோழர் காலக் கோயில் உள்ளது. பக்கத்துப் பாறையில் பெரிய கல்வெட்டு. சமதரையில் நின்றே படிக்கலாம்.

செம்மண்

நன்றி ஐயா. கட்டடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. வெளியே சதுரமான சுவர், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் நடுவே சுற்றி வரும் இடைவழி. சுற்றிலும் சிறு பரிவாரக் கோயில்கள், சில முழுதாக, சில அடித்தளம் மட்டும். யார் கட்டியிருந்தாலும் அந்த அமைப்பைப் பார்க்கவே ஏறலாம்.

கண்மாய்க்கரை

நான் மட்டும் விடியற்காலையில் மேலமலை ஏறிவிட்டு வருகிறேன், அப்பா அம்மா கடம்பர்மலைப் பக்கம் இருக்கட்டும். ஆட்கள் நடமாட்டம் இருக்குமா? சித்தன்னவாசலில் ஓவியம் இருக்கும் குகை எவ்வளவு உயரம்?

பாறைநிழல்

ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்க வருவார்கள், பயமில்லை. தனியாகப் போவதால் மேலே ஏறும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பாறை சரிவானது, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். குளவிக்கூடு கண்டால் அருகில் பேச்சுச் சத்தமே வேண்டாம்.

சித்தன்னவாசலில் இரண்டு இடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓவியங்கள் இருப்பது அறிவர் கோயில். கொஞ்சம் படிகள்தான், அப்பா கைப்பிடித்து மெல்ல ஏறிவிடலாம். ஏழடிப்பட்டம் என்பது குன்றின் உயரத்தில் உள்ள இயற்கைக் குகை. சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வழவழப்பாக வெட்டிய 17 படுக்கைகளும், தமிழ் பிராமி என்ற பழங்கால எழுத்தும் அங்கே. பாறை விளிம்போரம் குறுகலான வழி, கம்பித் தடுப்பு உண்டு என்றாலும் மூட்டுவலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது. மாலை 4 மணிக்கு அங்கே இருந்தால் உள்ளே வெளிச்சம் போதும். டார்ச் அடிக்கவோ பிளாஷ் போடவோ கூடாது, காவலர் சொல்வதைக் கேளுங்கள்.

தேனருவி

ஓவியத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அப்பா அம்மாவிடம். அச்சில் பார்த்த பளிச்சென்ற படத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நிறைய அழிந்துவிட்டது. கண் பழக வேண்டும். மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன்கள், வாத்துகள், யானை, எருமை. பூப்பறிக்கும் மனிதர்கள் இருவர் மூவர். சமணர்களின் சமவசரணம், அதாவது தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபை, அந்தக் காட்சியில் வரும் குளம் அது. தூண்களில் ஆடும் பெண்கள், ஓர் அரசனும் அரசியும். பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் ஒரு கோடு, அப்புறம் ஒரு மொட்டு, அப்புறம் முழுத் தண்டு என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் அம்மா மாதிரி நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கே கிடைக்கும் ஓவியம்.

கிரந்தம்

அப்பாவுக்கு அங்கேயும் கல்வெட்டு உண்டு. இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் மண்டபத்தைப் புதுப்பித்ததைப் பாட்டாகவே வெட்டியிருக்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், 9-ஆம் நூற்றாண்டு.

இலுப்பைப்பூ

வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாசி, பங்குனியில் இந்தச் சாலைகளே அழகு. கண்மாய்களில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் தேங்கி நிற்கும், கொக்கும் நாரையும் அங்கேதான் கூடும். இலுப்பை மரங்கள் இலை உதிர்த்துப் பூக்கத் தொடங்கும். வேம்பு துளிர்க்கும். காரை நிறுத்திக் கரையில் அரைமணி உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும். மற்ற பக்கம் மைல் கணக்கில் தைலமரக் காடு வரும், அங்கே பறவைச் சத்தமே கேட்காது. அந்த வித்தியாசத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஜல்லிக்கட்டுக் காலமும் இதுவே. புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல்கள் மிக அதிகம், ஜனவரியில் தொடங்கி மே வரை ஏதாவது ஓர் ஊரில் இருக்கும். எந்த ஊரில் என்று காலையில் டீக்கடையில் கேட்டுவிட்டு வழியைத் தீர்மானியுங்கள்.

கண்மாய்க்கரை

திட்டம் இப்படி முடிவாகிறது. முதல் நாள் கொடும்பாளூர், மாலையில் குடுமியான்மலை, இரவு புதுக்கோட்டை. இரண்டாம் நாள் விடியலில் நார்த்தாமலை, மாலையில் சித்தன்னவாசல் அறிவர் கோயில். மூன்றாம் நாள் திருமயம் பார்த்துவிட்டுத் திருச்சி. திருமயத்தில் கோட்டை முதலிலா, கோயில்களா?

செம்மண்

காலையில் போவதால் கோயில்களை முதலில் முடியுங்கள், மதியம் சாத்திவிடுவார்கள். ஒரே குன்றின் அடியில் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்துக் குடைவரை. பள்ளிகொண்ட பெருமாளின் பின்சுவர் முழுக்க உருவங்கள், பாம்பு கக்கும் தீக்கு அஞ்சி ஓடும் மது, கைடபர் என்ற அசுரர்கள் உட்பட. இரண்டு கோயிலாருக்கும் இடையே நீண்டகாலம் நடந்த வழக்கை 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் தீர்த்துவைத்தார், அந்தத் தீர்ப்பும் கல்லில் இருக்கிறது. அப்பாவுக்கு அதுவே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும்.

கோட்டை 1687-இல் சேதுபதி கட்டியது. மேலே ஏற வேண்டுமென்றால் நீங்கள் மட்டும் போய்ப் பீரங்கியைப் பார்த்து வாருங்கள். அப்பா அம்மா கோட்டைச் சுவரோரம் பைரவர் கோயில் பக்கம் நிழலில் இருக்கலாம். அந்த வழியாகப் போகும் வண்டிக்காரர்கள் எல்லாம் நிறுத்திக் கும்பிடும் இடம்.

பாறைநிழல்

திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் நாள் நடுப்பகல் ஓய்வுக்குப் பிறகு நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அன்னவாசல் வரும்போது இங்கே ஒரு வரி போடுங்கள், நான் ஊரில் இருந்தால் அறிவர் கோயிலுக்கு அப்பாவை நானே கைப்பிடித்து ஏற்றிவிடுகிறேன்.

கண்மாய்க்கரை

கட்டாயம் சொல்கிறேன் அண்ணா. அப்படியானால் வியாழன், வெள்ளி, சனி வேண்டாம். திங்களன்று கிளம்புகிறோம், செவ்வாய் மாலை சித்தன்னவாசலில் இருப்போம்.